குதிரையின் பின்பாதி

அக்கா,

குதிரை வேஷப் பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது உன் கொண்டை ஊசி. குதிரைத் தலையின் உள்பக்கம், இடது காதுக்குக் கீழே, சாக்கில் குத்தியபடி இருந்தது. போன வருடம் மேடையை விட்டு இறங்கியதும் தலையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, "ஊசியக் காணோம், தேடுடி" என்றாய். புல்லை எல்லாம் விலக்கித் தேடினேன். அது இத்தனை நாளும் குதிரைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நான் அழுவேன் என்று நினைத்து அம்மா கதவருகே வந்து நின்றார். அழவில்லை. கோபம்தான் வந்தது. ஏழு மாதமாக எனக்கு வருவது அது ஒன்றுதான். சாவு வீடு என்று சொல்லிக் கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழாவில் நம் குதிரையை நிறுத்தப் பார்த்தார்கள். அதை உனக்குச் சொல்ல வேண்டும். நீ இருந்திருந்தால் நீயே பேசியிருப்பாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றிருப்பேன். நீ இல்லாததால் எழுதுகிறேன்.

குதிரை வரும் அந்தப் படத்தை நாம் முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பதினொரு வயது, உனக்குப் பதினாறு. போயா நாள், பௌர்ணமி விடுமுறை, தேயிலை மலையில் வேலை இல்லை. பலாங்கொடை சந்தையில் பழைய டிவிடிகளைக் குவித்து வைத்திருப்பவரிடம் அப்பா சாமி படம் கேட்டு வாங்கி வந்தார். உறையில் சாமி இருந்தது. உள்ளே இருந்ததோ கறுப்பு வெள்ளையில் ஒரு சிரிப்புப் படம். இதற்காக மறுபடி பஸ் ஏறித் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். "கொஞ்சம் பாப்போம்பா" என்று நீ அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாய்.

படத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவருக்கு இரண்டு மகள்கள். நாடகத்தில் நடித்துப் பெயர் எடுக்க வேண்டும் என்று இருவருக்கும் பைத்தியம். தகப்பனுக்குத் தெரியாமல் நாடகக் கம்பெனி வாசலில் போய் நிற்கிறார்கள். தொப்பை வைத்த முதலாளி அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலியாக இருக்கும் ஒரே வேஷத்தைக் கொடுக்கிறார். ராஜாவின் குதிரை. மூத்தவள் முன்னங்கால், இளையவள் பின்னங்கால். தோலுக்குள் இருந்தபடியே இருவரும் சண்டை போட்டுப் பாடுகிறார்கள். ராஜாவின் பாட்டை யாரும் கேட்கவில்லை, குதிரைக்குத்தான் கைதட்டல். கடைசியில் தோலைக் கழற்றி எறிந்துவிட்டுத் தங்கள் முகத்தோடு மேடையில் நிற்கிறார்கள்.

அதற்குப் பிறகும் படம் பத்து நிமிடம் ஓடும். இரண்டு மாப்பிள்ளைகள் வருவார்கள், இரண்டு மாலைகள் வரும், இனி நாடகம் வேண்டாம் என்று இருவரும் தலை குனிந்து சிரிப்பார்கள். நீ அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாய். பிறகு எத்தனை முறை போட்டாலும் அவர்கள் தோலைக் கழற்றிய உடனே எழுந்து போய் நிறுத்திவிடுவாய்.

"இதுக்கு மேல இருக்கறது அவங்க கதை இல்ல. வேற யாரோ ஒட்டி வச்சது."

அம்மாவுக்கு அந்தக் கல்யாணம்தான் பிடிக்கும். அதற்காகவே உன்னோடு சண்டை போடுவார்.

குதிரையை நாம்தான் தைத்தோம். தலை, பால்மா வந்த அட்டைப் பெட்டியும் சாக்கும். உடம்பு, அம்மா கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றுகிற பழைய படங்கு. கால்களுக்கு அப்பாவின் கால்சட்டைகள். படத்தின் பாட்டை விட்டுவிட்டு நம் பாட்டை நீயே கட்டினாய். "கங்காணி வர்றாரு, காலை எடுத்து வை" என்று முன்னங்கால் பாடும். "நீ வச்சா நான் வப்பேன், நீயே முன்ன போ" என்று பின்னங்கால் இழுக்கும். "மேடைக்கு வந்தாச்சு, நல்லாச் சிரிச்சு வை" என்று முன்னங்கால் அதட்டும். "மூஞ்சியே இல்லாத நான் எத வச்சுச் சிரிப்பேன்?" என்று பின்னங்கால் அழும். அந்த இடத்தில் லயத்து வீடுகள் எல்லாமே உருண்டு சிரிக்கும்.

பின்னங்கால் எனக்குச் சரியான வேஷம். நான் பத்தாம் வகுப்போடு நின்றதற்குப் பணம் இல்லை, பஸ் இல்லை என்று ஊரில் காரணம் சொல்வார்கள். உண்மை உனக்குத் தெரியும். டவுன் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் போகவில்லை, பிறகு ஒரு வாரம் போகவில்லை, பிறகு அப்படியே விட்டுவிட்டேன். பிள்ளைக் காம்பராவில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. மலைக்குப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் அந்தக் குழந்தைகளுக்கு முன்னால் மட்டும் என் குரல் வந்தது. ஆனால் படங்குக்குள் குனிந்து உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டால், எத்தனை பேர் இருந்தாலும் வந்தது. நாம் ஆடிய இரண்டு வருடமும் திருவிழா மேடையில் நான் பார்த்தது உன் குதிகாலை மட்டும்தான்.

இரத்தினபுரியை நான் இன்னும் மறக்கவில்லை. தொலைக்காட்சிப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நீதான் கண்டுபிடித்தாய். படிவம் சிங்களத்தில் இருந்தது, நான் நிரப்பிக் கொடுத்தேன். குதிரையை உரப்பையில் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனோம். மண்டபத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் நம் பையையே பார்த்தார்கள். நம் எண்ணைக் கூப்பிட்டபோது நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

நீ கதவைத் தட்டினாய். "பத்து வரைக்கும் எண்ணுவேன்டி." எண்ணினாய். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாய். பிறகு உன் செருப்புச் சத்தம் தூரமாகப் போனது.

முன்பாதியை மட்டும் மாட்டிக்கொண்டு நீ பாடியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. என் வரி வரும் இடத்தில் எல்லாம் நீ பேசாமல் நின்றாய். சிலர் சிரித்தார்கள். பாட்டு முடிந்ததும் நடுவர் ஒருவர், இது தோட்டத்துத் தமிழ், பேச்சைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று சொன்னார்.

"இது திருத்தின தமிழ்தான் சார்," என்றாய் நீ. "திருத்தாதத கேட்டீங்கன்னா எந்திரிச்சு ஓடிருவீங்க."

நம்மை எடுக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன்.  பெல்மதுளை தாண்டியதும் ஒரு ரோல்ஸை இரண்டாகப் பிய்த்துப் பெரிய துண்டை என்னிடம் கொடுத்தாய். "அடுத்த தடவ கக்கூசுக்கு வெளிய நானே பூட்டுப் போடப் போறேன்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "நீ வராட்டி குதிர நொண்டும். அவ்வளவுதான். நிக்காது."

நீ திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு காலம் உறுத்தியிருக்காது.

நான்காம் நம்பர் மலையில் மரத்தில் குளவிக் கூடு இருக்கிறது என்று, கொழுந்து பறிக்கப் போன நீங்கள் எல்லோரும் இரண்டு நாளாகச் சொன்னீர்கள். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுச் சுற்றிப் பறியுங்கள் என்று தோட்டத்து ஆபீஸில் சொன்னார்கள். மூன்றாம் நாள் கூடு கலைந்தது. பதினொரு பேரைக் கொட்டியது. பத்துப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த வாரம் வந்து கூட்டை எரித்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

போன மாதம் கோயில் தலைவர் மாமா கமிட்டி ஆட்கள் இருவரோடு நம் வீட்டுக்கு வந்தார். அம்மா பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தார். நான் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"மச்சான், திருவிழா வருது," என்றார் தலைவர். "ஒங்க தப்பு இல்லாம கரகம் எறங்காது. பெரிய துக்கந்தான், இல்லைங்கல. ஆனா சாமி வேலைக்கு அதெல்லாம் பாக்கறதில்ல."

 அப்பாவின் தப்பு மேளம் உன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. நீ போனதிலிருந்து அவர் அதைத் தொடவில்லை.

தலைவர் திருவிழா நிகழ்ச்சி எழுதிய கொப்பியை விரித்தார். "இன்னொன்னு. போன வருசமே பெரிய புள்ள வந்து, அடுத்த வருசத்துக்கும் குதிரையப் போடுங்கன்னு பேரு குடுத்திருக்கு. அத எடுத்துர்றேன். ஒரு வருசம் முடியாம சாவு வீட்டுப் புள்ள மேடை ஏறி ஆடுனா நல்லாருக்காது."

"எடுத்துருங்க," என்றார் அம்மா. "அதுக்கு அக்கா இல்லாம பாட வராதுங்க. ஆளப் பாத்தாலே ஒளியற புள்ள."

தலைவர் பேனாவைத் திறந்தார். அந்த மூடி கழன்ற சத்தம் எனக்குக் கேட்டது.

"அப்ப தப்பு அடிக்கறது?" என்றேன்.

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திரைதான் தெரிந்திருக்கும். நான் வெளியே வரவில்லை.

"அது வேற, இது வேற புள்ள," என்றார் தலைவர்.

"எப்படி மாமா வேற?"

"அது வேலை. இது கூத்து."

"வேலைக்குத் துக்கம் இல்லையா? பதினேழாம் நாளே அம்மா கூடையத் தூக்கிட்டு மலைக்குப் போனாங்க. சாவு வீட்டுக்காரி கொழுந்தத் தொடாதன்னு யாரும் சொல்லல. அப்பா தப்பத் தொடணும். நான் மட்டும் பாடக்கூடாதா?"

கூட வந்த ஒருவர், "மூத்ததுக்கு வாய் பெரிசுன்னு நெனச்சேன்" என்றார். தலைவர் அவரை முறைத்துவிட்டு, அப்பாவிடம் சமாதானம் சொல்லத் தொடங்கினார். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நம் நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்றார்.

அப்பா எழுந்தார். ஆணியில் இருந்த தப்பை எடுத்துத் தூசி தட்டினார். தலைவர் முகம் மலர்ந்தது. அப்பா அதைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"நீங்களே அடிங்க தலைவரே."

ஒரு கையில் டீ, மறு கையில் பேனா, மடியில் தப்பு. தலைவர் அசையமுடியாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஏழு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

"சரி, ரெண்டு நிமிசம்," என்றார் கடைசியில்.

"பாட்டு ஏழு நிமிசம்," என்றேன்.

அவர்கள் போன பிறகு அம்மா என் தோளில் ஒரு அடி போட்டார். "ஊரே சிரிக்கும்டி."

"சிரிப்புக் குதிரைக்குச் சிரிக்காம அழுவாங்களாம்மா?"

அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலை விட்டு வந்து, படங்கில் கரப்பான் அரித்த இடத்தை அவரே தைத்துக் கொடுத்தார்.

அதற்கிடையில் பிள்ளைக் காம்பராவில் கூட வேலை செய்பவர்கள், லயத்தில் ஒரு சின்னப் பொடிச்சியைப் பிடித்து, உன் இடத்துக்குப் பழக்கிப் பார்க்கச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். குதிரைத் தலையையும் எடுக்கவில்லை. அது உன் தலை. வாலும் பின்னங்கால்களும் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். முன்பாதி எங்கே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான்காம் நம்பர் மலைக்குப் போய்க் கேட்கட்டும்.

நேற்று கடைசி நாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடித்து, பின்னேரம் நான்கு மணிக்கு மேடை நிகழ்ச்சி தொடங்கியது. மழை விட்டிருந்தது. முன் வரிசையில் குழந்தைகள், பின்னால் ஈரச் சேலையோடு பெண்கள், கடைசியில் மதிலில் சாய்ந்துகொண்டு ஆண்கள். கீழ்ப்பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் வந்திருந்தன. தலைவர் மைக்கில், "அடுத்ததாக" என்றார். நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "குதிரை" என்றார்.

நான் எப்போதும் போலக் குனிந்தபடியே ஏறினேன். கை இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. பிடிப்பதற்கு எதுவும் இல்லை. பாதிக் குதிரையைப் பார்த்ததும் குழந்தைகள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பெண்கள் பக்கத்தில் ஒரு குரல், "ஐயோ, ஒத்தையா வருது பாரு" என்றது. இன்னொரு குரல், "வெக்கமில்லாம சாவு வீட்டுல இருந்து" என்றது. அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

அப்பா ஓரத்தில் நின்று தப்பில் நம் தாளத்தைத் தொடங்கினார். முதல் வரி உன்னுடையது. அது எனக்கு மறந்துபோகவில்லை, ஆனால் நான் அதைப் பாடியதே இல்லை. தாளம் ஒரு சுற்று வந்து போனது. அப்பா என்னைப் பார்க்காமல் இரண்டாவது சுற்றுக்கு எடுத்தார். மேடைக்குப் பக்கத்தில் கதவுகூட இல்லாத ஒரு படிதான் இருந்தது. இறங்கினால் மூன்றே அடியில் தேயிலைக்குள் போயிருக்கலாம். இரண்டாவது சுற்றும் போனது. தலைவர் மைக்கை எடுக்கக் கையை நீட்டினார்.

நான் நிமிர்ந்தேன். எவ்வளவு பேர், அக்கா. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது சுற்றில் உன் வரியையும் நானே பாடினேன்.