பொருத்தம் கொடுக்க மாட்டேன்

மகரகம ஆஸ்பத்திரி,
10.11.1981

அன்பு மகன் ஜவுபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ நல்ல சுகத்தோடு இருப்பாய். என் சுகத்தைப் பற்றி வழக்கமாக எழுதும் வரியை இந்தத் தடவை எழுத முடியவில்லை. உம்மா சுகம். தெமட்டகொடையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் சோற்றுப் பார்சலோடு வந்து பொழுதுபட்டால் போகிறாள். வயல் விதைத்தாயிற்று. இறக்காமத்துப் பக்கம் யானை வந்து காவல் பரணைச் சாய்த்துவிட்டுப் போனதாம். பயிருக்குச் சேதமில்லை.

உன் காயிதம் கிடைத்தது. இரண்டு காரியம் கேட்டிருந்தாய். ஒப்பரேஷனுக்குச் சம்மதியுங்கள் வாப்பா. மாமாவை மன்னித்துப் பொருந்திக் கொள்ளுங்கள் வாப்பா. முதலாவதற்கு நேற்றுக் கையெழுத்து வைத்தேன். வியாழக்கிழமை காலையில் செய்கிறார்கள். இரண்டாவது நடக்காது. உம்மா உனக்கு அரைவாசிதான் எழுதியிருப்பாள். உன் மாமா சீனிமுகம்மது அவளுடைய கூடப்பிறந்த காக்கா அல்லவா. மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

என் குதிகாலில் இருந்த கறுப்புப் புள்ளி உனக்கு ஞாபகம் இருக்கும். முள் குத்தி இரத்தம் உறைந்த இடம் என்றே இரண்டு வருஷம் நினைத்திருந்தேன். சித்திரையில் அது கசியத் தொடங்கியது. நம்முடைய ஊர் டாக்டர் வெட்டி எடுத்து, தசையைச் சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு தபாலில் வரும் என்றார். நம்முடைய ஒழுங்கைக்குள் தபால்காரன் வருவதில்லை. எல்லாக் காயிதமும் பஜாரில் உன் மாமாவின் புடவைக்கடை விலாசத்துக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ முடிந்து போய்க் கேட்டேன். ஒண்டும் வரல்ல மச்சான் என்றான். பிறகு ஒரு நாள், நோய் ஒண்டும் இல்லாட்டி அவனுகள் காயிதம் போடமாட்டானுகளாம், சந்தோசமா இரிங்க என்றான். சந்தோஷமாக இருந்தேன். அவன் மகள் றஹீமாவின் கலியாணத்தில் பந்தல் காலிலிருந்து விருந்துச் சகன் சோறு வரை முன்னின்று நடத்தியவன் நான். நொண்டி நொண்டி நடத்தினேன்.

புரட்டாதியில் தொடைச் சந்தில் நெறி கட்டியது. புறாமுட்டை அளவு. நோகவில்லை. புதிதாக வந்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவுக் காயிதம் எங்கே என்றார். வரவில்லை என்றேன். கொழும்புக்குக் கேட்டு எழுதினார். வைகாசியிலேயே அனுப்பியாயிற்று என்று பதில் வந்தது. நேரே கடைக்குப் போனேன்.  கண்ணாடி அலுமாரியில் சாரக்கட்டுகளுக்கு அடியிலிருந்து அவன் காயிதத்தை எடுத்துத் தந்தான். உடைத்திருந்தது. யாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டும் இருக்கிறான். கலியாணம் முடியட்டும் எண்டு பார்த்தன் மச்சான், முடிஞ்ச பொறவு தரப் பயமாப் போச்சு என்றான். கலியாணம் நடந்தது ஆனியில். நான் போய் நின்றது புரட்டாதியில்.

இங்கே டாக்டர் நல்லரெத்தினம் ஒளிக்காமல் சொன்னார். மெலனோமா என்று பெயராம். காலிலிருந்து தொடைச் சந்துக்கு ஏறிவிட்டது. அங்குள்ள நெறி முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். எடுத்தால் கால் ஆயுசுக்கும் வீங்கியிருக்கக்கூடும், சேற்றில் இறங்க ஏலாது. எடுத்தாலும், உள்ளே வேறெங்காவது போயிருந்தால் கையில் ஒன்றுமில்லை. எடுக்காவிட்டால் அந்த இடம் உடைந்து புண்ணாகும், பிறகு கத்தி வைக்கவும் முடியாது. நேரத்தோடு வந்திருந்தால் என்று ஒருமுறை தொடங்கினார். முடிக்கவில்லை.

மகனே, உன்னிடம் மறைக்க மாட்டேன். முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பயத்தினால் அல்ல. நான் கண்ணை மூடி மவுத்தானால் அது அவன் கழுத்தில் தொங்கும். மறுமை நாளில், மஹ்ஷரில் எல்லாரும் பார்க்க அந்தக் காயிதத்தை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். பத்து நாள் இந்த நினைப்போடு கிடந்தேன். இனிப்பாக இருந்தது. உம்மாதான் குழப்பினாள். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், நீங்க மவுத்தானா எங்கட காக்கா நாப்பதாம் கத்தத்துல வயிறு முட்டத் திண்டுட்டு, நல்ல மனிசன் எண்டு அழுதுட்டு மறந்திருவாரு, உசிரோட இரிந்தாத்தான் அவருக்கு நித்திரை வராது என்று. சொந்தக் காக்காவைப் பற்றி. அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டேன். வீங்கிய காலோடு அவன் கண் முன்னால் இருபது வருஷம் நடக்க வேண்டும். நாட்டம் அல்லாஹ்வுடையது. என் ஆசை இது.

நேற்று அவனே வந்துவிட்டான். ஒப்பரேஷனுக்கு முன்னால் எல்லாரிடமும் பொருத்தம் கேட்டுக் கொடுப்பது நம் வழமைதான். பக்கத்துக் கட்டில் மனிதரிடம் கூட, குறட்டை விட்டதற்காக, கேட்டேன். இவன் கால்மாட்டில் நின்று, மச்சான், அல்லாவுக்காகப் பொருந்திக்கிங்க என்றான். மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். நேர்ஸ் வந்து சொந்தக்காரர் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றாள். என்டயப் பாருங்க என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். பொருந்தியது. ஒரு போத்தல் கொடுத்துவிட்டு வந்து, எல்லாம் தீர்ந்தது போல என்னைப் பார்த்தான். எடுத்துக்கொள்கிறேன், இதற்குப் பதிலாக ஒன்றும் இல்லை என்றேன். முகம் வெளிறி, தலை சுற்றிச் சாய்ந்தான். எட்டிப் பிடித்துக் கட்டிலில் இருத்தினேன். நெறி கட்டிய இடம் விண்ணென்று தெறித்தது. வாப்பா மனம் இளகிவிட்டார் என்று உம்மா எழுதுவாள். நம்பாதே. விழுந்து மண்டை உடைந்திருந்தால், இரத்தமும் காயமுமாகக் கணக்குச் சரி என்று ஊருக்குப் போய்ச் சொல்வான். அதற்காகத்தான் பிடித்தேன்.

வேலையைப் போட்டுவிட்டு வராதே. தொழுகையை விடாதே. உன் பாதங்களை வெளிச்சத்தில் ஒருமுறை பார். வியாழக்கிழமை சுபஹுக்குப் பிறகு துஆச் செய். ஆயுளும் பரக்கத்தும் உனக்குக் கிடைக்கட்டும். நான் உன்னிடம் எதையாவது கடுமையாகச் சொல்லியிருந்தால் என்னைப் பொருந்திக் கொள். உன்னுடையதை எல்லாம் நான் பொருந்திவிட்டேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஆ. மீராமுகைதீன்