வீட்டில் பழுது ஒன்றும் இல்லை

ஜனவரி 8

மகளின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, இனிமேல் ரெண்டு பேரும் எழுதித் தொலையுங்கள் என்று உங்கள் மகள் தபால் உறைகளை வாங்கி வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஆசையாக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

“நான் இல்லாட்டி இந்த வீடு ஒரு வாரம் தாங்குமா?” என்று கேட்டீர்கள். “போய்த்தான் பாருங்களேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்காக மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு, அவ்வளவு தூரத்து ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்க்கிற வேலைக்குப் போய்விடுவதா? ரோஷக்காரர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பரைக் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்கிறார். நானே பார்க்கலாம் என்று இருக்கிறேன். முதலில் எதைத் திருக வேண்டும், அதை மட்டும் எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
குழாயடியிலிருந்து

ஜனவரி 17

மகளின் அம்மாவுக்கு,

குழாயில் கை வைக்காதே. வீடு முழுக்கத் தண்ணீர் நிற்கும், நீ கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து எனக்கு அடுத்த கடிதம் எழுதுவாய்.

சொன்னால் கேட்கிற ஆளா நீ? அதனால் சொல்கிறேன். மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை முதலில் மூடு. குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை ஓடவிடு. பிறகு மேல்பாகத்தை ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். அடியில் கறுப்பாக ஒரு வாஷர் தேய்ந்து போயிருக்கும். அதைக் கையோடு கடைக்கு எடுத்துக்கொண்டு போ. “சின்னதா, ரவுண்டா ஒண்ணு” என்று கேட்டு என் மானத்தை வாங்காதே.

எனக்கு ஜெனரேட்டர் கூடத்துக்குப் பின்னாலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கட்டில், நாற்காலி, மின்விசிறி. எல்லாம் புதுசு, ஒன்றும் பழுதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

இப்படிக்கு,
ரோஷக்காரன்

ஏப்ரல் 2

ரோஷக்காரருக்கு,

இத்தனை நாள் எழுதவில்லை என்று கோபமா? சத்தியமாகக் கை ஓயவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. அதற்கு முன்னால் வால்வை எந்தப் பக்கம் மூடுவது என்று குழம்பி, தலையிலிருந்து கால் வரை நனைந்தேன். நீங்கள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். போன மாதம் மோட்டார் ஓடியது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. ஹார்டுவேர் கடைக்காரம்மாவிடம் கேட்டேன். “உள்ள காத்து அடைச்சிருக்கும்மா. மேல மூடியத் திறந்து தண்ணிய ஊத்தி நிரப்பிட்டு ஓட்டுங்க” என்றாள். அப்படியே செய்தேன். ஏறிவிட்டது. யாருமில்லாத வீட்டில் நானே கைதட்டிக்கொண்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், குதிக்கக் கூடாது. பின்கட்டில் நீங்கள் குவித்து வைத்திருந்த பழைய மோட்டார், பைப்புத் துண்டு, ஒயர் எல்லாவற்றையும் ஷெட்டில் அடுக்கிவிட்டேன். ஒரு ஆணியைக்கூட வெளியே போடவில்லை. அந்த மண்ணைக் கொத்தித் தக்காளி, வெண்டை, கீரை, பூசணி எல்லாம் போட்டிருக்கிறேன். உரத்துக்கென்று சமையல் கழிவைக் குழியில் கொட்டினேன், நாற்றம் தெருவையே தூக்கியது. எதிர்வீட்டு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டே வேலைக்குப் போனாள். காய்ந்த இலையைக் கலந்த பிறகுதான் அடங்கியது. இப்போது அவளே முறத்தோடு வந்து நிற்கிறாள், “கீரை இருக்கா?” என்று. காய்கறி வாங்கக் கடைப்பக்கம் போவதையே மறந்துவிட்டேன்.

இந்தத் தடவை உங்களைக் கேட்க ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தோட்டக்காரி

ஏப்ரல் 12

தோட்டக்காரிக்கு,

ரொம்ப சந்தோஷம். என் சாமான்களை ஷெட்டில் அடுக்கியாகிவிட்டது. நானும் வந்தால் அங்கேதான் அடுக்குவாய் போலிருக்கிறது.

விளையாட்டுக்கு எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், அங்கேயாவது ஏதாவது கேட்டிருக்கிறாயா என்று. வெறும் தாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் ஏதாவது ஒன்று உடையாதா, நீ “வாங்க” என்று ஒரு வார்த்தை எழுத மாட்டாயா என்று வந்த நாளிலிருந்து காத்துக் கிடக்கிறேன். சொந்த வீடு கெட்டுப்போக வேண்டும் என்று ஏங்குகிற பைத்தியக்காரன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். ஒவ்வொன்றாக நீயே சரிசெய்துவிட்டு, அதைக் கொண்டாட்டமாக வேறு எழுதுகிறாய்.

இந்த மாதக் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். என்னால் உனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லையென்றால் சொல், போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஜெனரேட்டர்காரன்

ஏப்ரல் 19

என்னவருக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். தபால்காரர் தாமதித்துத் தொலைத்துவிடப் போகிறாரே என்று பயமாக இருக்கிறது, இல்லாவிட்டால் இதை நிதானமாக எழுதியிருப்பேன்.

குழாய் சொட்டியபோது “வாங்க” என்று எழுதத் தெரியாமலா இருந்தேன்? எழுதியிருந்தால் நீங்களும் வந்திருப்பீர்கள். வாஷரை மாற்றிவிட்டு, “பாத்தியா?” என்று என்னை ஒரு பார்வை பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க எனக்கு வேண்டியது நீங்களா, உங்கள் ஸ்பேனரா என்று நம் இரண்டு பேருக்குமே தெரியாமல் போயிருக்கும். அந்தப் பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கற்றேன். பூசணிப் பிஞ்சு எல்லாம் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவினால் நிற்கும் என்றார்கள். காலையில் எழுந்ததும் அதையும் நானே செய்தேன். இப்போது மூன்று காய் உருண்டு நிற்கிறது.

வீட்டில் பழுது ஒன்றும் இல்லை. உங்களைக் கூப்பிடப் பொய்யாகச் சொல்லக்கூட ஒரு சாக்கு மிச்சம் இல்லை.

ஆனால் சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தால், “இன்னைக்கு ரெண்டு தக்காளி பழுத்திருக்குங்க” என்று சொல்ல ஆள் இல்லை. சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். வெட்கமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது. எனக்கு நீங்கள் வேண்டும். எந்த வேலையும் வைத்திருக்கவில்லை. சும்மா வாருங்கள்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 27

என் பெண்டாட்டிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. குளிக்கக்கூட இல்லை, நேரே மேலதிகாரி அறைக்குப் போனேன். ஒப்பந்தத் தாளும் பேனாவும் மேஜை மேல் தயாராக இருந்தன. ஊருக்குப் போகிறேன் என்றேன். நல்ல மனிதர், முகம் வாடிவிட்டது.

“என்னப்பா, வீட்ல ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டார்.

“ஒரு பிரச்சனையும் இல்லீங்க சார்” என்றேன். “அதான் போறேன்.”

உன் புருஷன்