உன் மணிக்கட்டின் அளவு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படிக்கத் தொடங்கி ஆறே மாதம்; ஆனால் எல்லாம் என் கையெழுத்து! நான் சுகம். உன் கைவலி குறைந்ததா?

கை ஒடிந்து கூடியதிலிருந்து உனக்கு வளையல் ஏறவில்லை என்று மகள் சொன்னாள். நீ வெறுங்கையோடு இருப்பதா? இழுத்தால் விரியும் ரப்பர் நூலில் பச்சைப் பாசிமணி கோக்கத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் முப்பது மணி கோத்துத் தூக்கிக் காட்டினேன். அத்தனையும் மறுமுனை வழியாகக் கொட்டிக் கட்டிலுக்கு அடியில் ஓடின. அறையில் உடன் இருக்கும் சமையல்காரர் தவழ்ந்து பொறுக்கினார்.

"பெருசு, அடியில முடிச்சுப் போடாம யாராச்சும் கோப்பாங்களா? இதுல காதல் வேற!"

"பேசாம பொறுக்குய்யா" என்றேன். இப்போது முடிச்சுப் போட்ட பிறகுதான் மணியைத் தொடுகிறேன். முடிக்காமல் விடமாட்டேன்.

உன் கை அளவுதான் இடிக்கிறது. என் விரல்களை வளைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேறு அளவு வருகிறது. நாற்பது வருஷம் பிடித்த கை! ஒரு நூலை மணிக்கட்டில் சுற்றி, அளவாக வெட்டிக் கடிதத்தில் வைத்து அனுப்பு. போனில் சொல்ல வேண்டாம். அந்த நூலே வேண்டும். மகள் இதைப் படிக்கும்போது வெட்கப்படாதே.

ஆலைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும். இதை எழுத நான்கு நாள் ஆயிற்று. அடுத்த வாரம் மூன்றே நாளில் எழுதிக் காட்டுகிறேன், பார்.

உன் வீட்டுக்காரன்