செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திறக்கும் விளையாட்டு

நகோயா,
வெள்ளிக்கிழமை, குப்பை நாள்

அன்பு மகள் மிஹருவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் அப்பாவின் இடுப்பு வலியும் நலம், அங்கே கனடாவில், வின்னிபெக்கில் நீயும் உன் சளியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. அப்பா வலியைச் சாக்காக வைத்துக் குளியல் தொட்டியை விட்டு எழுந்திருப்பதே இல்லை, மிசோ சூப்பை அங்கேயே கொண்டுவரச் சொல்லாததுதான் பாக்கி. அதை விடு, இந்த வாரம் உன் அம்மா அடித்த கூத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

எங்கள் கம்பெனியில் நாலு பேர் மூன்று வருஷம் உட்கார்ந்து செய்த வீடியோ கேம் உனக்குத் தெரியும், அடுக்குமாடியில் வந்து விழும் குப்பைப் பைகளைப் பிரித்துப் பார்த்து ஒவ்வொரு வீட்டு ரகசியத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். பத்திரிகையில் நாற்பதுக்கு முப்பத்தேழு மதிப்பெண், ஒருவர் இலக்கியம் என்றே எழுதிவிட்டார், அதை வெட்டி ஃபிரிஜ்ஜில் ஒட்டியிருக்கிறேன், அதைப் படிப்பதற்காகவே அடிக்கடி பால் குடிக்கிறேன். ஆனால் விற்றது எண்ணூற்றுப் பன்னிரண்டுதான். மாதக் கடைசிக்குள் மூவாயிரம் தொடாவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு என்னைச் செல்போன் கேம் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி இவாஹோரி சொல்லிவிட்டார். அங்கே தினமும் 'வருக, இந்தாருங்கள் பத்து வைரம்' என்று விதவிதமாக எழுத வேண்டுமாம், ஐம்பத்துமூன்று வயதில் கடை வாசலில் கையாட்டும் பூனைப் பொம்மை உத்தியோகம். ஏன் விற்கவில்லை என்று குழு கூடிப் பேசியபோது, இந்த ரகத்துக்கு ஊரிலேயே ஆயிரம் பேர்தான் இருப்பார்கள் என்றார் ஒருவர், மற்றவன் விளையாடுவதை வீடியோவில் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்கிறார்கள் என்றார் இன்னொருவர், எல்லோரும் தலையாட்டினோம்.

போன சனிக்கிழமை கீழ்வீட்டு நாகசே அம்மாள் வந்தாள், நம் குடியிருப்பின் குப்பைப் பொறுப்பாளர், தரம் பிரிக்காமல் போட்ட ஒரு பாட்டில் மூடிக்காக நம் பையை மூன்று மாடி ஏறித் திருப்பிக் கொடுத்தாளே, அவளேதான். "சுமியே-சான், உங்க கேமை வாங்கினேன். இன்னைக்குக் குப்பை எடுக்கிற நாள் இல்லைன்னு கதவைச் சாத்திடுச்சு. ரொம்பச் சரி. என் மாப்பிள்ளைதான் இதுக்கா காசு குடுத்தீங்கன்னு சிரிக்கிறார்" என்றாள். நம் தெருவுக்குக் குப்பை வண்டி வரும் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் கேம் திறக்க வேண்டும், உண்மை என்றால் முழு உண்மை என்று இரண்டு வாரம் சண்டை போட்டு அந்தப் பூட்டைப் போட வைத்தவளே நான்தான், புதன்கிழமை குப்பை போடுகிறவன் நம் ஊரில் உண்டா என்று மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். விமர்சகர்களுக்கு அவசரம் என்று அவர்களுக்கு மட்டும் பூட்டில்லாத பிரதியைக் கொடுத்திருந்தோம். ஆக, புகழ்ந்தவர்கள் யாரும் சாத்திய கதவைப் பார்க்கவில்லை, வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை மட்டும்தான் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை நெற்றி மேஜையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திருதிருவென்று விழித்து, பூட்டு இருந்ததா என்று கேட்டார். வெளியீட்டு விழாவில் இந்த கேமைப் பற்றி இருபது நிமிஷம் பேசியவர் மனுஷன், ஒரு நாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. அன்றே பூட்டை எடுத்தோம். செவ்வாய்க்கிழமை அவர் ஆபீசுக்கே வரவில்லை. புதன்கிழமை சிவந்த கண்ணோடு என் மேஜையருகே வந்து குரலைத் தாழ்த்தி, "அந்த 302-ஆம் வீட்டுப் பையில மீன் முள்ளைப் போட்டது யாரு? வேணாம், சொல்லாதீங்க, நானே கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் குழு கலையாது" என்றார். நாலு நாளில் முந்நூறுதான் கூடுதலாக விற்றிருக்கிறது, ஆனாலும் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன், அவர் மூளைக்கு 302 இன்னும் ஒரு வருஷம் தாங்கும். நாகசே அம்மாளுக்குத்தான் பூட்டை எடுத்ததில் கோபம், அவள் இன்னமும் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் விளையாடுகிறாள்.

இன்னொரு விஷயம். 'ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளையாடினேன், அழுதேவிட்டேன் அம்மா' என்று போன மாதம் எழுதியிருந்தாயே. உன் ஊர் ஞாயிறு இங்கே ஞாயிறாகவோ திங்களாகவோதான் இருக்கும், அந்த இரண்டு நாளும் அப்போது கதவே திறக்காது. கோபமில்லை, அழுத இடத்தை நன்றாகவே வர்ணித்திருந்தாய், என் மகள் அல்லவா.

பனியில் வழுக்காமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக நூறு வயது இரு. இனி கதவு எந்த நாளும் திறந்திருக்கும், சாக்குச் சொல்லாதே.

அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டில் ஒன்றையாவது நீ வாங்கியிருப்பாய் என்று இன்னமும் நம்பும்
உன் அம்மா
சுமியே