ஒருவருக்கு மட்டும் டிக்கெட்

ஏனுங்க,

நீங்கள் லீவு போடாததால் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக அப்பாவே கார் கொண்டுவந்துவிட்டார். அரிசிம்பருப்பு சோறு அடுப்பு மேடையில் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள். இன்னொரு சாவியைப் பக்கத்து வீட்டு ராமாத்தாக்காவிடம் கொடுத்திருக்கிறேன். சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார்.

மூன்று வருஷம் லண்டனில் படிக்க அரசாங்கம் எனக்கு மட்டும்தான் பணம் தருகிறது, கணவருக்குத் தராது. அதற்கு நான் என்ன செய்வேன்? விண்ணப்பத்தை வாங்கி வந்து, "சும்மா போட்டு வெய்யி அம்மணி" என்றது நீங்கள்தான். கிடைத்த பிறகு, "கவர்மெண்டு உன்னயத்தான கூப்புட்டுது, என்னைய எதுக்குக் கேக்கறே?" என்கிறீர்கள். போகாதே என்றும் சொல்லவில்லை, போயிட்டு வா என்றும் சொல்லவில்லை.

சென்னை ரயில் ஏழரைக்குப் போத்தனூரில் நிற்கும். ஷிப்ட் முடிந்து வந்ததும் சைக்கிளை எடுத்தால் பிடித்துவிடலாம்.

அன்புக்கரசி

பெட்டியை மூடும்போதுதான் பார்த்தேன், அடியில் ஒரு ஸ்வெட்டர். எப்போது வாங்கினீர்கள்? கை என் விரலைத் தாண்டித் தொங்குகிறது. கடையில் நீங்களே போட்டுப் பார்த்து வாங்கியிருப்பீர்கள். மாற்ற வேண்டாம். ஆனால் கடை வாசம்தான் அடிக்கிறது. ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் வரும்வரை அதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். யார் சிரித்தாலும் பரவாயில்லை.