பக்கத்து இருக்கை

ஜூலை 2, ஞாயிறு

விடாத மழை. சாமி மாடத்தில் சோறு வைத்து அமிதா புத்தர் நாமம் சொல்லி முடிப்பதற்குள் மூன்று கொட்டாவி. மன்னித்துக்கொள், சாமி. ராத்திரி முழுக்க அண்ணனின் இருமல்.

அண்ணன் கடைக்குப் போய் வந்தார். பையில் இரண்டு டப்பா பெயிண்ட். இரண்டும் வெள்ளை.

ஊறுகாய்க்குக் காய் புதைக்கும் தவிட்டுக்குள் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அண்ணன் மகன் ஷிங்கோ செத்துப் போய் ஆறு வருஷமாகப் போகிறது. மகன் போனதும் அண்ணன் கார் பழுது பார்க்கும் கொட்டகையை மூடிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து இந்த ரிமோட் கார்களைச் செய்கிறார். முழங்கை நீளம்தான் இருக்கும். நேராக ஓடாது, வாலை வீசிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கி வழுக்கிப் போகும். அதுதான் அதன் அழகாம். சிவப்பு, நீலம், கரும்பச்சை என்று அலமாரியில் பதினொன்று நிற்கின்றன. வெள்ளை மட்டும் கிடையாது. மலைப்பாதையில் ஷிங்கோ கவிழ்த்த நிஜக் கார் வெள்ளை.

"வெள்ளையாண்ணே?" என்றேன்.

"ம்."

நான் நூறு வார்த்தை பேசினால் அவர் ஒரு எழுத்துப் பேசுவார். எங்கள் வீட்டுக் கணக்கு அது.

ஜூலை 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி. டாக்டர் படத்தைக் காட்டினார். அண்ணன் வயிற்றில் கட்டி வளர்ந்திருக்கிறதாம். சீக்கிரம் அறுத்து எடுக்க வேண்டுமாம். பதினான்காம் தேதி படுக்கை காலியாகிறது.

"பன்னெண்டுக்குள்ள வண்டி முடிஞ்சிரும். பதினாலு வந்துர்றேன்" என்றார் அண்ணன்.

"எந்த வண்டி?" என்று டாக்டர் கேட்டார். நான் முதலிலிருந்து சொன்னேன். ஷிங்கோவின் அம்மா விட்டுப் போனது, நான்கு வயசிலிருந்து அத்தை நான் வளர்த்தது, எல்லாம். அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. நர்ஸ் வந்துதான் என்னை நிறுத்தினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவராகவே வாயைத் திறந்தார். "ஓபோனுக்கு."

"ஓபோனுக்கு என்ன?"

"குதிரைக்குப் பதிலா."

வருஷா வருஷம் ஆகஸ்டில், செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் ஓபோன் பண்டிகைக்கு நான்தான் வெள்ளரிக்காயில் சணல் குச்சியைச் செருகிக் குதிரை செய்வேன், செத்தவர்கள் சீக்கிரம் வீடு வந்து சேர. கத்தரிக்காயில் மாடு, மூன்று நாள் கழித்து அவர்கள் மெதுவாகத் திரும்ப. என் அம்மா செய்தாள், நானும் செய்கிறேன்.

"குதிரை ஏறவே தெரியாத பயலுக்கு ஆறு வருசமா குதிரை அனுப்பிட்டிருக்க" என்றார்.

 

ஜூலை 5, புதன்

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.

கொட்டகையைத் துடைக்கப் போனேன். மேஜையில் வண்டியின் மேல்கூடு, பெயிண்ட் அடிக்கக் கழுவி வைத்தது, காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் மெல்லிசுப் பிளாஸ்டிக். அதன் வெளிப்பக்கம் ஒரு தோல், ஓரத்தில் கொஞ்சம் எழும்பியிருந்தது. புது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்குமே, அதே மாதிரி. உரித்தேன். ஒரே இழுப்பில் முழுசாக வந்தது. என்ன ஒரு திருப்தி! அடியில் சின்னதாக ஒரு கறை. பக்கத்தில் கிடந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். அது பெயிண்டைக் கரைக்கும் தின்னர் நனைத்த துணி. துடைக்கத் துடைக்கக் கூடு புகை படிந்த மாதிரி மங்கி, மயிரிழை மயிரிழையாக வெடித்துவிட்டது.

அண்ணன் வந்து பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இதுக்கு உள்பக்கமாத்தான் பூசணும் மிசா. வெளிய ஒரு பொட்டு படக் கூடாது. அதுக்குத்தான் அந்தத் தோலு. எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா உரிக்கிறது."

"நான் என்னத்தக் கண்டேன்? வேற வாங்கிக்கலாம்ணே!"

ஹொசாகாவுக்குப் போன் போட்டார். சந்தைக்குப் பக்கத்தில் ரிமோட் வண்டி ஓட்டும் தளம் வைத்திருப்பவர். கூடு, சக்கரம் எல்லாம் அவரிடம்தான். அந்த மாதிரிக் கூடு கையிருப்பில் இல்லையாம். வர இருபத்தேழாம் தேதி ஆகுமாம்.

ஜூலை 13, வியாழன்

நாளைக்கு ஆஸ்பத்திரி என்று பையில் துண்டு, பல்தேய்க்கும் பிரஷ், ஜபமாலை எல்லாம் வைத்துவிட்டேன். அண்ணன் பையை எடுத்து அலமாரி மேலே போட்டுவிட்டார்.

"வண்டி முடியட்டும்."

"வண்டி எங்க போயிரும்? உசுரு போயிட்டா திரும்ப வருமா?"

"ஓபோன் முடிஞ்சு போறேன்."

கெஞ்சினேன். திட்டினேன். சாமி மாடத்தைத் திறந்து வைத்து ஷிங்கோ படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் கேட்டேன். "அவன எதுக்குக் கூப்பிடுற" என்று எழுந்து போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் பண்ணினேன். நான் உரித்த ஒரு தோலால் ஒரு படுக்கை வேறு யாருக்கோ போயிற்று.

ஜூலை 16

சோறு பாதி. கஞ்சி கொஞ்சம். இருமல் இல்லை. வலி இருக்கிறதா என்றால் "ம்" என்கிறார். இருக்கிறது என்று அர்த்தமா, இல்லை என்றா?

ஜூலை 27, வியாழன்

கூட்டை ஹொசாகாவே கொண்டுவந்தார். அண்ணனை அவர் 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் நீட்டும்போது, "அக்கா, தோலு பத்திரம். பார்த்தா கை அரிக்கும், கட்டிப் போட்டுக்கோங்க" என்றார். தளத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம். போகட்டும், என்னால் நாலு பேர் சிரித்தார்களே.

தர்பூசணி வெட்டிக் கொடுத்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, "மேஸ்திரி ரொம்ப மெலிஞ்சிட்டாரேக்கா" என்றார். வெயில் காலம், பசிக்காது என்று சொல்லி அனுப்பினேன். பொய். இன்றைக்கு இரண்டு ஜபம் அதிகம்.

ஜூலை 29, சனி

பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார். கை மட்டும் முதுகுக்குப் பின்னால்.

உள்ளேயிருந்து பூசுவதால் எல்லாமே தலைகீழ். முதலில் பூசுவதுதான் வெளியே தெரியும்; கடைசியாகப் பூசுவது யார் கண்ணிலும் படாது. பின்சக்கரத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டை முதலில் வைத்தார். ஷிங்கோவின் காரில் இடது பக்கம் உரசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்காமலே விட்ட இடம். "அடுத்த வாரம் அடிச்சுக்கலாம்பா" என்பான். அந்த வாரம் வரவேயில்லை.

"இதையும் வைக்கணுமாண்ணே?"

"இது இல்லாம அவன் வண்டின்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

அதன்மேல் வெள்ளை. வெள்ளைக்குப் பின்னால் வெள்ளி நிறம். இல்லாவிட்டால் வெளிச்சம் ஊடுருவிச் சாயம் வெளுத்துத் தெரியுமாம்.

ஜூலை 31, திங்கள்



டீ வைக்கப் போனேன். அவர் குளிக்கப் போயிருந்தார். மேஜையில் இரண்டு பொம்மைகள், என் கட்டைவிரல் உயரம். வண்டிக்குள் உட்கார வைக்க. ஒன்று ஓட்டுகிறவன். மஞ்சள் தொப்பி, ஷிங்கோவுடையது. பக்கத்து இருக்கைக்கு இன்னொன்று. நரைத்த தலை. கழுத்தில் துண்டு. மெல்லிய கம்பியை வளைத்து மூக்குக்கண்ணாடி.

அண்ணன்.

அப்படின்னா ஷிங்கோ வரும்போது மட்டும் இல்ல. திரும்பிப் போறதுக்கும் அதே வண்டிதான். அதுல இவரும் உக்காந்து போறதா முடிவு பண்ணிட்டாரா? அதுக்குத்தான் ஆஸ்பத்திரி வேணாங்கிறாரா? ஓபோன் முடிஞ்சு போறேன்னு சொன்னாரே — எங்க போறேன்னு சொன்னாரு?

ஆகஸ்ட் 1

அந்த நரைத்தலைப் பொம்மையைத் திருடிவிட்டேன். அரிசிப் பானைக்குள் இருக்கிறது. ஐம்பத்தாறு வயசில் திருட்டு. அமிதா சாமி, கணக்கில் எழுதிக்கொள், ஆனால் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

அவர் மேஜைக்கு அடியில் தேடினார். என்னிடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3

இன்னொன்று செய்துவிட்டார். அதையும் எடுத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி போன தடவையைவிட நன்றாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 5, சனி

மூன்றாவது. அவர் குளியலறையில் இருமும் சத்தம் கேட்டுக்கொண்டே, பார்க்கக்கூட நேரமில்லாமல் ஏப்ரன் பைக்குள் போட்டு, பானைக்குள் தள்ளினேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நூடுல்ஸ் குளிரவைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்.

"எத்தன சேத்து வெச்சிருக்க?"

"எதை?"

"அரிசிய அளக்குறப்போ பாத்து அள. என் தலை சோத்துல வெந்துரப் போகுது."

அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன். மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். "உனக்குப் போகணும்னா போ. என்னைய என்ன பண்றதா உத்தேசம்? அந்தப் பதினோரு வண்டியத் தொடச்சிட்டே கெடக்கவா?"

நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். அப்போதுதான் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

"வண்டி கவுந்த அன்னிக்கு சாயங்காலம் கூப்பிட்டான் மிசா. ஸ்டீயரிங் நீங்க அமைச்சது சூப்பரா திரும்புதுப்பா, பக்கத்துல உக்காந்து பாருங்கன்னான். களைப்பா இருக்குடா, நாளைக்கின்னேன். குளிக்கப் போயிட்டேன். நான் உக்காந்திருந்தா அவ்வளவு வேகம் போயிருக்க மாட்டான்."

மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். 

"ஒரு தடவ உக்காரணும். அவ்வளவுதான்."

"சரி" என்றேன். "வர்றப்போ உக்காந்து வா. கேட்டுலேருந்து வீடு வரைக்கும். போறப்போ இறங்கிரணும். அவன் தனியாத்தான் போவான். சத்தியம் பண்ணு."

"ம்."

"ம் எல்லாம் செல்லாது."

"சரி, இறங்கிர்றேன். பதினேழாம் தேதி ஆஸ்பத்திரி. போதுமா?"

அரிசிப் பானையைத் தட்டில் கவிழ்த்தேன். இரண்டு அண்ணன்கள். மூன்றாவது அண்ணன் இல்லை. கொண்டை, ஏப்ரன், வாய் ஆவென்று திறந்திருக்கிறது.

"திருட்டுப் பூனை. எடுக்கத்தான் போறேன்னு தெரியும். அப்ப உன்னையே எடுத்துட்டுப் போன்னு வெச்சேன்."

"அப்போ என்னையும் பின்னால உக்கார வை!"

"வேணாம். நீ பேசுற பேச்சுல பய வழிய விட்டுருவான்."

சிரித்தார். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலையில் கல்லறைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தேன். கொட்டகைத் தரையை இரண்டு நாளாக மெழுகியதில் சிமெண்டு வழவழவென்று இருக்கிறது; சாமி மாடத்தையும் ஓபோனுக்காக அங்கேயே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சாயங்காலம், வெளிச்சம் போவதற்கு முன்னால், கேட்டுக்குப் பக்கத்தில் சணல் குச்சி கொளுத்தி வரவேற்பு நெருப்பு போட்டேன். வெள்ளரிக் குதிரையும் ஒன்று செய்து ஓரமாக வைத்தேன். எதற்கும் இருக்கட்டும்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வண்டியை என்னிடம் நீட்டினார். வெளித்தோல் இன்னும் அப்படியே இருந்தது. "நீ உரி. உனக்குத்தான் பிடிக்குமே."

உரித்தேன். உள்ளேயிருந்து அந்த வெள்ளை வந்தது. ஷிங்கோ ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுவித் துடைத்து நிறுத்துவானே, அதே வெள்ளை.

மஞ்சள் தொப்பியும் நரைத்த தலையும் பக்கத்துப் பக்கத்தில். வண்டி கேட்டிலிருந்து சாய்வாக, வாலை வீசி, தூணைச் சுற்றி வளைந்து வந்தது. ஒரு இடத்திலும் இடிக்கவில்லை. சாமி மாடத்தின் முன்னால் வந்து நின்றது. அண்ணன் ரிமோட்டை மடியில் வைத்தார்.

"நல்லாத்தான் திரும்புது" என்றார்.

ஆகஸ்ட் 16, புதன்

செத்தவர்களைத் திருப்பி அனுப்பும் நெருப்பு போட்டேன். வண்டி கிளம்புமுன் அண்ணன் தன் பொம்மையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இறங்கிட்டேன், பாத்துக்கோ." பொம்மையை அரிசிப் பானைக்குள்ளேயே திரும்பப் போட்டு வைத்தேன். ஷிங்கோ தனியாகத்தான் போனான். கத்தரி மாடு மாதிரி மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஓட்டினார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

அண்ணன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எடுக்க முடியாமல் அப்படியே மூடிவிட்டார்களாம்.

டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "போன மாசம் பதினாலாம் தேதியே வந்திருந்தா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். நல்ல மனுஷன்.

அந்தத் தோல். ஃபிரிட்ஜ் மாதிரி இருந்ததே என்று, ஒரே இழுப்பில்.

செப்டம்பர் 23, சனி

அண்ணனுக்கு மடக்குப் படுக்கையைக் கொட்டகையிலேயே போட்டிருக்கிறோம். ஒரு வாய் கஞ்சி. இன்றைக்குச் சொல்லிவிட்டேன். என்னால்தான் நாள் போனது, மன்னித்துக்கொள் என்று.

கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"நீ உரிக்கலேன்னா, சீக்கிரம் முடிச்சிட்டு அந்தப் பொம்மையோட சேந்து போயிருப்பேன். சொல்லியும் இருக்க மாட்டேன்." மூச்சு வாங்கினார். "நீ திருடினதாலதான் சொன்னேன்."

நிஜமாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா? கேட்கவில்லை.

நவம்பர் 30

இன்று எழுத எதுவும் இல்லை. கை கழுவி, அவர் முகம் துடைத்து, வெள்ளைத் துணியால் மூடினேன். ஹொசாகா வந்து வாசலிலேயே நின்று அழுதார்.

மறு வருஷம், ஆகஸ்ட் 13, செவ்வாய்

அண்ணனுக்கு முதல் ஓபோன். புதிதாகச் செத்தவருக்கு வழி காட்டும் வெள்ளை விளக்கு வாங்கிக் கட்டினேன். கல்லறை கழுவியாயிற்று. ஷிங்கோவுக்குப் பிடித்த சோளம், அண்ணனுக்குக் குளிர்ந்த நூடுல்ஸ்.

ஹொசாகா மூன்று ஞாயிறு வந்து ரிமோட் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். "அக்கா, வண்டி ஓட்டுறப்போ பேசாதீங்க, விரல் தடுமாறுது" என்றார். அதுதான் கஷ்டம்.

நெருப்புப் போட்டேன். அரிசிப் பானையிலிருந்து அண்ணனை எடுத்துத் துடைத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தேன். இந்தத் தடவை இறங்கச் சொல்ல முடியாது. வாய் திறந்த என் பொம்மையைச் சாமி மாடத்துக்கு முன்னால் நிற்க வைத்தேன், வருகிறவர்களை வாங்க என்று சொல்ல.

வண்டி தூணில் இரண்டு முறை இடித்தது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வந்து சேர்ந்துவிட்டார்கள்.