மூன்று தௌமாய்களின் வேன்

என் மகள் சியெனிக்கு, தாலோஃபா. நீயும் குழந்தைகளும் ஆக்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் பேசினால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். அதனால் எழுதி, போதகர் வீட்டில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

முதலில் என் மானம் போன கதை. ஆப்பியா துறைமுகத்தில், நீ வாங்கி அனுப்பிய வேன் என்று நினைத்து ஒரு வெள்ளை வேனைப் பார்த்ததும் அதன் மேல் கை வைத்து, கண்ணை மூடி, உனக்காக நீளமாக ஜெபம் செய்தேன். கண்ணீர்கூட வந்தது. காவலாளி பொறுமையாக நின்று ஆமென் சொல்லிவிட்டு, "பெரியவரே, இது மீன் கம்பெனி வண்டி. உங்களுது அந்தக் கடைசில நிக்குது" என்றான். மீன்காரனுக்கு இந்த வருஷம் நல்ல வியாபாரம்தான்.

நம் வண்டியைத் தொட விடவில்லை. விற்றவன் உன்னிடம் "சமோவா வரைக்கும் எல்லாம் சேர்த்து" என்றானே, அது பொய்யில்லை. அவன் கணக்கில் சமோவா துறைமுகத்துச் சுவரோடு முடிந்துவிடுகிறது. கவுண்டர் பெண் விளக்கினாள்: "கப்பல் கூலி அவங்க கட்டிட்டாங்க. இறக்குறது, கழுவுறது, சுங்கவரி, இங்க நிக்கிற வாடகை எல்லாம் உங்க பாடு." பன்றிகளை விற்று அதைச் சமாளித்துவிடுவேன். நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

சிக்கல் வேறு. கப்பல் தாளில் பெறுபவர் பெயர் என்ற இடத்தில் நீ பெருமையாக வெறும் 'தௌமாய்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். ஏற்கெனவே இரண்டு பேர் தாங்கும் அந்தக் குடும்பத் தலைவர் பட்டத்தைப் போன கிறிஸ்துமஸுக்குத்தான் எனக்கும் சூட்டினார்கள். என் அடையாள அட்டையில் இன்னும் யெலெமியாதான். அட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "இந்தத் தௌமாயைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். "நான்தாம்மா அவரு" என்றேன். நம் ஊர்ப்பக்கத்துக்காரிபோல. "உங்க ஊர்ல மூணு தௌமாய் உண்டே, இதுல வண்டிக்காரர் யாரு?" என்று மடக்கினாள். விற்றவன் என் சொந்தப் பெயர் போட்டுத் திருத்திய தாள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மற்ற இரண்டு தௌமாய்களும் தங்களுக்கு அதில் பங்கில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

இளைய தௌமாய் உடனே போட்டுவிட்டான். மூத்தவர், உன் பெரியப்பா ஃபிதி, நேற்று வீட்டுக்கு வந்து கோகோ குடித்தபடியே சொன்னார்: "தம்பி, தாள்ல இருக்கிறது பட்டத்தோட பேரு. பட்டம் உனக்கு மட்டுமா? அப்ப வண்டியும் குடும்பத்துது. கல்யாணம், சாவு, சபை வேலை எல்லாத்துக்கும் வேணும்." நம் வழக்கப்படி அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போடவில்லை.

அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இதுவரை ஏற்றிப்போன பிக்கப்காரன் பழம் பறிக்க ஆஸ்திரேலியா போய்விட்டான். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் இடமில்லாமல் ஒரு முறை தவறிவிட்டது. கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தே தூங்குகிறாள். இன்னொரு முறை விடக் கூடாது என்று நர்ஸ் கண்டித்துச் சொன்னாள். இன்றைக்கு யாரையோ கெஞ்சி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமைக்கு யாருமில்லை.

நேற்று அம்மா உன் பெரியப்பாவிடம், "அத்தான், நான் செத்தா அந்த வண்டிலதான தூக்கிட்டுப் போவீங்க. அதுக்கு முன்னால உயிரோட நாலு தடவை ஏத்திக்குங்க" என்றாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இப்படியெல்லாம் பேசாத லெயுதே, திங்கக்கிழமை குடும்பக் கூட்டத்துல பேசிக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

அதனால் நாளைக் காலையிலேயே விற்றவனிடம் போ. யெலெமியா என்று எழுத்துப் பிசகாமல் போட்டு, துறைமுகத்துக்கே நேராக அனுப்பச் சொல். அவன் இழுத்தடித்தால் அங்கேயே உட்கார்ந்துவிடு. சனிக்கிழமைக்கு முன் வண்டி வெளியே வர வேண்டும், மகளே.

கடவுள் உன் கைகளுக்கு வலுவும் உன் வீட்டுக்கு வெளிச்சமும் தரட்டும்.

நேற்று உன் பெரியப்பா வாசல் தாண்டும்போது, 'பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா, இவளை ஏற்றிப்போக யெலெமியா போதும்' என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பட்டமேற்பு விருந்துச் செலவுக்காக நீ ஒரு வருஷம் இரவு வேலை பார்த்தாய். அதை நினைத்துச் சொல்லவில்லை.

உன் அப்பா
யெலெமியா